ஓட்டை விழுந்த தலைக்கவசம்

படைக்கு வாங்கவிருந்த தலைக்கவசங்கள் சோதனைத் திடலில் வந்து இறங்கின. எல்லாவற்றுக்கும் மேலே பளபளத்த மாதிரிக் கவசம் அதட்டியது: "சோதனையில குண்டடி வாங்க நான் ஒருத்தன் போதும். வியாபாரி என்னை மட்டும்தான் கெட்டியா செஞ்சிருக்கான். நீங்க வாயைத் திறக்காம தேர்ச்சி முத்திரை வாங்கிட்டுப் போங்க."

பெட்டி ஓரத்தில் இருந்த கவசத்துக்குத் தன் தகடு மெலிசு என்று தெரியும். நாளைக்கு அதை நம்பி ஒருவன் எல்லையில் தலை நீட்டுவான். அது எம்பிக் குதித்து, உருண்டு, துப்பாக்கியின் எதிரே போய் நின்றது.

"தாங்குவியா?" என்றது துப்பாக்கி.

"தாங்க மாட்டேன். அதான் வந்தேன். சுடுங்க அண்ணே."

குண்டு துளைத்துக்கொண்டு போனது. பெட்டிகள் அத்தனையும் அன்றே திரும்பிப் போயின.

"இனி நீ வெறும் பழைய இரும்பு," என்று பல்லைக் கடித்தது மாதிரிக் கவசம்.

"இருக்கட்டும்," என்று நிமிர்ந்தது ஓட்டைக் கவசம். "ஓட்டை விழுந்தப்போ எனக்குள்ள ஒரு தலையும் இல்லை."