கை எட்டும் கோடு

"நிறுத்துங்க, நிறுத்துங்க! கோட்டு மேல ஏத்திப்புட்டீங்க!"

அர்த்தநாரி பிரேக்கை மிதிப்பதற்குள், காரின் சக்கரங்கள் கபடிக் களத்தின் நடுக்கோட்டைத் துடைத்து எடுத்திருந்தன. காலையில்தான் நூல் பிடித்துச் சுண்ணாம்புப் பொடி தூவிய கோடு. பின்னால் பார்ப்பதற்குக் காரில் கேமரா இருந்தது. பார்க்க வேண்டிய ஆள்தான் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினாறு வருசம் ஆடுனேன். கோட்டைத் தொடத்தான் பாடுபட்டேன், அழிச்சதில்லை" என்றபடி, ஸ்டியரிங்கில் இடித்த தொப்பையை விடுவித்துக்கொண்டு இறங்கினார். "சட்டியைக் கொண்டாங்க, நானே போட்டுத் தாரேன்."

போட்டார். கோடு நாமகிரிப்பேட்டை மலைப்பாதை மாதிரி வளைந்தது. வெண்ணந்தூர்ப் பையன்கள் சிரித்தார்கள். மணிமாறன் மட்டும் சிரிக்கவில்லை.

அவனுக்காகத்தான் அவர் வந்திருந்தார். இருபது வயது. இந்த வருட ஏலத்தில் அவர் வேலை பார்க்கும் அணி எடுத்த புதுப் பையன். எதிரணிப் பக்கம் பாடிப்போவதில் சூரன் என்று பேர். முகாமில் சேர்ப்பதா, இப்போதே கழற்றிவிடுவதா என்று அர்த்தநாரி சாயங்காலத்துக்குள் எழுதி அனுப்ப வேண்டும்.

"எங்கே, பாடிப் போ சாமி!"

போனான். ஆறு தடவை போய் ஆறு பேரைத் தொட்டுவிட்டு, வந்த சுவடு தெரியாமல் திரும்பினான். அர்த்தநாரிக்குத் தன் தொப்பையே மறந்துபோனது.

ஏழாவது தடவை ஒருவன் கணுக்காலைப் பிடித்துவிட்டான். நடுக்கோடு கை நீட்டினால் எட்டும் தூரம். மணிமாறன் நீட்டவில்லை. தறியிலிருந்து இறக்கிப் போட்ட துணிமூட்டை மாதிரி அசையாமல் கிடந்தான்.

எட்டாவது தடவையும் அப்படித்தான்.

"என்றா இது? இழுத்து ஒரு விரலைக் கோட்டுல வெச்சா தப்பிச்சே! ஏன் படுத்துக்கற?"

"பழகிருச்சுங்ணா."

"படுத்துக்கறதுக்கு ஏலத்துல ஆள் எடுக்கோணுமா? நானே வந்து படுத்துக்குவேனே, தலகாணிகூடக் கேக்க மாட்டேன்!"

மறுபடியும் சிரிப்பு. மணிமாறன் முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"உங்கண்ணன் அறிவு இப்படியா ஆடுனான்? பரமத்தி வேலூர் மேட்ச்சுல அவன் காலை நான் புடிச்சேன். மேல அஞ்சு பேரு விழுந்து அமுக்கறாங்க, அப்பவும் கோட்டைப் பாத்து இழுக்கறான் இழுக்கறான்... நானும் புடியை உடலையே! அந்தப் புடியைப் பாத்துட்டுத்தான் எனக்கு ரயில்வேல வேலையே குடுத்தாங்க. அவன் எந்திரிக்கறதைப் பாக்கக்கூட நேரமில்லாம, அன்னிக்கே டெல்லிக்கு ரயிலேத்திட்டாங்க."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவருடைய நகைச்சுவை இப்படி நடுவழியில் நின்றுபோவது வழக்கம்தான் என்பதால் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"பதினாலு வருசமா எவனைக் கேட்டாலும், வடக்க போர்வெல் போடற ரிக்கு வண்டியில இருக்கான்னே சொல்றீங்க. ஒரு போன் நம்பர் குடுங்கப்பா. ஒரு நாள் உக்காந்து பேசோணும்."

"அம்மா டீ கொண்டாராங்க" என்றான் மணிமாறன்.

சௌந்திரம் தூக்குப்போசியோடு வந்தார். வந்த விருந்தாளி யாரென்று தெரிந்ததும் ஒரு கணம் நின்று, அவர் கைகளைப் பார்த்துவிட்டு, டீயை ஊற்றினார்.

"அறிவு எப்பம்மா ஊருக்கு வாரான்?"

"குடிங்க சாமி. ஆறிப்போயிரும்."

அர்த்தநாரி குடித்தார். பிறகு தயங்கித் தயங்கித் தாளை எடுத்தார்.

"அம்மா, ஒளிக்காம சொல்றேன். உங்க பையன் தங்கம். ஆனா, 'பிடிபட்டால் போராடுவதில்லை'ன்னு எழுதுனேன்னா ஊட்டோட இருக்க வேண்டியதுதான். எழுதாம உட்டா என் வேலை போயிரும். அடிபட்ட காலா? பயமா? ஒரு காரணம் சொன்னீங்கன்னா நான் மேல பேசிப் பாக்கறேன். கேட்டா டீ குடுக்கறீங்க, பழகிருச்சுங்கறீங்க. நேரா ஒரு பதில் சொல்லுங்க, கும்புட்டுக் கேக்கறேன்."

சௌந்திரம் மகனைப் பார்த்தார். அவன் வேண்டாம் என்று தலையசைத்தான்.

"இல்ல கண்ணு, இனியும் மறைச்சா உன்ர பொழப்பு போயிரும்." அவர் அந்தக் கோணல் கோட்டைப் பார்த்தபடியே பேசினார். "நாந்தானுங்க அவங்கிட்ட சத்தியம் வாங்கினேன். ஆடறதுன்னா ஆடு, ஆனா காலைப் புடிச்சுட்டாங்கன்னா அசையாமக் கெடக்கோணும்னு."

"எதுக்குங்கம்மா அப்படி ஒரு சத்தியம்?"

"அறிவு இழுத்தானுங்களே."

அர்த்தநாரி தாளிலிருந்து நிமிர்ந்தார்.

"கழுத்து நரம்புல அடிபட்டுருச்சுங்க. அன்னிக்கு வேலூர்ல விழுந்தவன் எந்திரிக்கவே இல்லீங்க. சேலம் ஆஸ்பத்திரியில மூணாம் நாளு போயிட்டான்."

"அப்ப... ரிக்குன்னு..."

"அன்னிக்கு உங்களுக்கும் அவன் வயசுதானுங்களே. தெரிஞ்சா அந்தக் கையால நீங்க சோத்தை அள்ளித் திங்க மாட்டீங்கன்னு, ஊர்ல எல்லாரையும் அப்படிச் சொல்லச் சொன்னது நாந்தானுங்க, சாமி."