லெமேசாவின் கவளம்

இஞ்சேரா அப்பத்தை ஒரே தட்டில் விரித்து எத்தியோப்பியச் சிப்பாய்கள் ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவரவர் முன்னால் இருப்பதைத்தான் அவரவர் தின்ன வேண்டும். லெமேசாவின் இடம் காலி. ஆனாலும் எட்டு நாளாக அவன் பக்கமிருந்த அப்பமும் தீர்ந்துகொண்டுதான் இருந்தது. வேறு யாரும் அதில் கை வைக்கவில்லை.

எட்டு நாளுக்கு முன் சோமாலியச் சாலையில் லெமேசா கண்ணிவெடியை மிதித்தான். அவனை விட்டுவிட்டுப் பின்வாங்கச் சொன்னது கூட்டுப்படைத் தலைமையகம். ஹெலிகாப்டர் வரும் என்றது. வரவில்லை. விடிந்ததும் சார்ஜென்ட் தெஸ்ஸேமா போய்ப் பார்த்தபோது ஒரு கால் மட்டும் கிடந்தது.

இன்று மதியம் தலைமையகத்திலிருந்து கேப்டன் யில்மா ஒரு தாளோடு வந்து, காலி இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"லெமேசா ஓடிப்போயிட்டான்னு முடிவு பண்ணிட்டாங்க. கையெழுத்துப் போடுங்க சார்ஜென்ட்."

"ஓடிப்போயிட்டானா? அவன் காலை இந்தக் கையாலதான் சார் புதைச்சேன்! எதை வச்சு ஓடினான்? உங்க ஆபீஸ்ல எவனுக்காவது வெக்கம் இருக்கா?"

"வார்த்தையை அளந்து பேசுங்க."

பக்கத்தில் இருப்பவனுக்கு முதல் கவளத்தை ஊட்டாமல் லெமேசா ஒருநாளும் சாப்பிட்டதில்லை.

அவன் பக்கமிருந்த அப்பத்தில் ஒரு துண்டு தானாகக் கிழிந்தது. கேப்டனின் வாய் திறந்தது, கன்னம் உப்பியது. அவருடைய இரண்டு கைகளும் தாளைப் பிடித்திருந்தன.

கண் பிதுங்க, அவர் துப்பப் போனார்.

"துப்பாதீங்க சார்," என்றார் தெஸ்ஸேமா. "ஊட்டினதைத் துப்பினா ஊட்டினவனுக்கு அவமானம். மென்னு முழுங்குங்க. அப்புறம் கையெழுத்தைப் பத்திப் பேசலாம்."