ஏரியில் கலந்த மருந்து

உரிமம் இல்லாமல் தயாரித்த ஹோமியோபதி மருந்தை அழித்துவிடும்படி நீதிமன்றம் உத்தரவிட்டதும், மருந்து ஆய்வாளர் தணிகைவேல் குப்பிகளை ஏரிக்கரைக்குக் கொண்டுவந்தார்.

“தண்ணியில மட்டும் ஊத்தாதீங்க சார்,” என்று பதறினார் அதைத் தயாரித்த பெர்னதெத். “துக்கத்த நெஞ்சுக்குள்ளயே அடைச்சு வச்சிருக்கவங்க அழறதுக்குக் கொடுக்கிறது. கரையக் கரைய வீரியம் ஏறும்.”

“லேப்ல ஒண்ணுமே இல்லைன்னுட்டாங்கம்மா,” என்று சிரித்தபடி தணிகைவேல் கடைசிக் குப்பியையும் கவிழ்த்தார். ஏரி ஒருமுறை சிலிர்த்து அடங்கியது.

மறுநாள் காலை, ஏரித் தண்ணீர் வரும் தெருக்களிலெல்லாம் விம்மல் கேட்டது. டீக்கடையில் ஆண்கள் கிளாஸும் கையுமாகத் தேம்பிக்கொண்டிருந்தார்கள். மனைவிக்குக் கொள்ளி வைத்த அன்றுகூடக் கண் கலங்காத தணிகைவேல் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்தார். தாகமே இல்லை. ஆனாலும் சமையலறைக் குழாயைத் திறந்து, டம்ளர் நிறையப் பிடித்தார்.