ஏழு குதிரைக் கல்

"இந்தக் கல்லுல செதுக்கியிருக்கிறது ஏழு குதிரைதான் பாப்பா. பலகையிலேயும் அப்படித்தானே போட்டிருக்கு?" என்றார் அருங்காட்சியக அதிகாரி. பிள்ளைகள் கொட்டாவி விடாமல் சுற்றிப் பார்க்கட்டும் என்று அவரே தயாரித்த கேள்வித்தாளில் இதுவும் ஒரு கேள்வி. சரியான விடைக்கு ஒரு பென்சில் பரிசு.

"இல்ல அங்கிள், எட்டு!" சிறுமி பிடித்த பிடியை விடவில்லை.

அம்மாவுக்கு மானம் போயிற்று. "பெரியவங்களை எதிர்த்துப் பேசாத. வாடி!"

"ஷூ லேஸ் கட்ட உக்காந்தப்போ பார்த்தேம்மா. அங்கிள், நீங்களும் உக்காருங்களேன்!"

அதிகாரி சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். சிரிப்பு அப்படியே நின்றது. தாய்க் குதிரையின் வயிற்றுக்கு அடியில், நிழலோடு நிழலாக ஒரு குட்டி.

கையிலிருந்த பென்சில்களை எல்லாம் அவளிடமே கொடுத்துவிட்டார். "ரொம்ப தேங்க்ஸ்மா."

"ஒரு குட்டிக் குதிரைக்குப் போய் இவ்வளவா சார்?" என்றாள் அம்மா.

"முப்பது வருஷமா நின்னுக்கிட்டே பார்த்திருக்கேன்மா. இந்த ஏழு குதிரையைப் பத்தி எழுதித்தான் நான் டாக்டர் பட்டமே வாங்கினேன்!"

மறுநாள் பலகையில் ஏழு, எட்டாகியிருந்தது. கீழே புதிதாக ஒரு வரி:

'தயவுசெய்து உட்கார்ந்து பார்க்கவும்.'