தாலி கட்டிய நிமிஷம்

“என்னை ஏன்டா வெட்டினே?”

கல்யாணக் கேசட்டை மேஜைமேல் ஓங்கி அடித்தார் அந்த மனுஷன். தங்கச் சுரங்கத்து ஊரான ஆண்டர்சன்பேட்டையிலேயே முதன்முதலாகக் கம்ப்யூட்டரில் வீடியோ எடிட்டிங் செய்கிறவன் என்று பேர் வாங்கியவன் டக்ளஸ். அவனுக்குச் சுருக்கென்றது.

“நீங்க யாருங்க?”

“நாகேஷ். கல்யாணப் பொண்ணு சுமாவோட அப்பன். தாலி கட்ற எடத்துல என்னைத் தூக்கிட்டிருக்கியே, எவன்டா சொன்னான் உன்கிட்ட?”

போன ஜனவரியில் நடந்த கல்யாணம். டக்ளஸ் அந்தக் காட்சியை ஓட்டிப் பார்த்தான். பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுப்பவர் சித்தப்பா. பக்கத்தில் அம்மா ஜெயம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி நிற்கிறாள். இந்த மனுஷனை எங்கேயும் காணோம்.

டக்ளஸுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“நல்லா பாருங்க, இதுல நீங்க எங்க கீறீங்க? பெத்த பொண்ணு கல்யாணத்துக்கே வராம, இங்க வந்து சண்டை போட்றீங்களே, வெக்கமா இல்ல?”

“வாய அடக்குடா! அந்த எடத்துல எதையுமே எடுக்கலன்னு சொல்லு பாப்போம்.”

“படத்துல கை வெக்கலீங்க. சத்தத்தை மட்டும்தான் எடுத்தேன். கெட்டிமேளம் கொட்றப்ப மைன்ஸ் சைரன் அலறுது! மத்த நாள்ல அரை நிமிஷத்துல நின்னுடும். அன்னிக்கின்னு பாத்து, மூணு முடிச்சும் போட்டு முடிக்கிற வரைக்கும் விடாம கத்துச்சு, சனியன்! அதை எடுத்துட்டு நாதஸ்வரம் போட்டேன். அதுக்கு நீங்க எனக்கு மாலை போடணும்.”

நாகேஷ் மேஜைமேல் கிடந்த கேசட்டுகளைக் கலைத்துத் தேடினார். “மொதல்ல எடுத்த கேசட்டு எங்க?”

“அதுமேல ஒரு காதுகுத்து எடுத்தாச்சு. கம்ப்யூட்டர்லயும் எடமில்லன்னு அழிச்சிட்டேன்.”

“அடப்பாவி! மைன்ஸையே மூடிட்டானுங்க. இனிமே அந்தச் சத்தத்துக்கு நான் எங்கடா போவேன்?”

ஒரு சைரனுக்கா இந்தக் கூத்து? டக்ளஸுக்குச் சிரிப்புகூட வந்தது. “போயும் போயும் அது எதுக்குங்க உங்களுக்கு?”

நாகேஷ் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

“அன்னிக்கு ஷிப்ட்டுல என்னை மாத்திவிட ஆளு வரலடா. அந்த சைரனை ஊதினதே நான்தான்!”