பூட்டி வைத்த கட்டு

வஹீதுன்னிசா டீச்சர் வழக்கு கோர்ட்டுக்கு வரும் நாளெல்லாம், எங்கள் சட்ட அதிகாரி பக்தவத்சலம் அந்தக் கேஸ் கட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, வெறுங்கையோடு ஹைகோர்ட்டுக்குக் கிளம்புவார்.

அங்கே போய், "கட்டு இன்னும் வந்து சேரலை, வாய்தா வேணும்" என்று எங்கள் வாரிய வக்கீலைச் சொல்ல வைப்பார். சாயங்காலம் திரும்பி வந்து, பீரோவைத் திறந்து, அடுத்த தேதியைக் கட்டின் மேல் எழுதுவார். மறுபடியும் பூட்டு.

அம்பத்தூரில் எங்கள் கல்வி வாரிய ஆபீஸ். சட்டப் பிரிவில் மொத்தமே மூன்று பேர். அவர், டைப்பிஸ்ட் லட்சுமணன் என்கிற நான், பியூன் அப்பாவு.

"அண்ணாத்தே, இன்னிக்கும் கட்ட உள்ள வெச்சுப் பூட்டிகினு பூட்டாரு. இன்னா மன்சன்பா இவரு?" என்பான் அப்பாவு.

எனக்கும் பற்றிக்கொண்டு வரும்.

வஹீதுன்னிசா பூந்தமல்லிப் பக்கம் ஒரு வாரியப் பள்ளியில் தையல் டீச்சர். சர்டிபிகேட் செல்லாது என்று ஐந்து வருஷத்துக்கு முன்னால் வாரியம் அவரை வேலையை விட்டு நீக்கியது. அவர் கோர்ட்டுக்குப் போய் ஸ்டே வாங்கிவிட்டார். அன்றிலிருந்து வேலையும் நடக்கிறது, வழக்கும் நடக்கிறது. வழக்கு நடக்கிறது என்பது சும்மா ஒரு பேச்சுக்கு.

வாய்தா விழுந்த மறுநாள், பஸ் மாறி பஸ் ஏறி எங்கள் ஆபீசுக்கு வந்து நிற்பார்.

"சார், நான் நெஜமாவே பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணவ. மே மாசம் ரிட்டயர் ஆறேன். அதுக்குள்ள கேஸை முடிச்சிடுங்க சார். ஸ்கூல்ல ஹெச்.எம்.லேர்ந்து ஆயா வரைக்கும் 'டூப்ளிகேட் டீச்சர்'ன்றாங்க. அந்தப் பேரோட நான் ஊட்டுக்குப் போவணுமா?"

பக்தவத்சலம் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார்.

"நான் எதிர்க்கட்சிம்மா. என்கிட்ட நீங்க பேசக்கூடாது. உங்க வக்கீலைக் கேளுங்க."

"கேட்டேன் சார். அவரும் 'சும்மா இருங்கம்மா'ன்றாரு. ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கினீங்களா?"

"போங்கம்மா. போய்ப் பசங்களுக்குப் பொத்தான் தைக்கக் கத்துக் குடுங்க."

அன்றைக்கு அந்த அம்மா வராந்தாவில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தாங்கவில்லை. சம்பளம் போடுகிற இடத்துக்கு விசுவாசம் வேண்டியதுதான். அதற்காக மனசாட்சியையும் பீரோவில் வைத்துப் பூட்ட முடியுமா?

பின்னாலேயே போனேன்.

"டீச்சர், சேர்மனுக்கு ஒரு புகார் குடுங்க. நானே அடிச்சுத் தரேன். என் பேர் மட்டும் வெளிய வரக்கூடாது."

சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அடித்தேன். எந்தெந்தத் தேதியில் வாய்தா, அன்றைக்கெல்லாம் கட்டு எங்கே இருந்தது, ஒன்று விடவில்லை.

பத்தே நாள். கோர்ட் தேதியன்று சேர்மனே நேரில் வந்து மாற்றுச் சாவியால் பீரோவைத் திறக்கச் சொன்னார். கட்டு உள்ளே இருந்தது. கோர்ட்டிலிருந்து திரும்பிய பக்தவத்சலத்தைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மனிதர் பீரோ சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார், அவ்வளவுதான். ஆவடியில் இருக்கும் புத்தகக் குடோனுக்குத் தூக்கியடித்தார்கள்.

வஹீதுன்னிசா டீச்சர் அல்வாவோடு வந்தார். "நீ நல்லா இருக்கணும் தம்பி" என்று கை நிறைய வைத்தார். பியூன் அப்பாவு கையிலும் கொஞ்சம் வைத்தார். வாங்கித் தின்றேன். பெருமையாகத்தான் இருந்தது.

புதிதாக வந்த கஜபதி படு சுறுசுறுப்பு. அடுத்த தேதிக்கே கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார்.

கால் மணி நேரம்தான் ஆனதாம். டீச்சர் பரீட்சை எழுதியது உண்மை, பாஸ் செய்ததும் உண்மை. ஆனால் அவர் படித்த தையல் பள்ளிக்கு அந்த வருஷம் அரசாங்க அங்கீகாரம் இல்லை. அதற்கான கடிதம் கட்டின் முதல் தாளாகவே இருந்திருக்கிறது. வழக்கு தள்ளுபடி. ஸ்டே ரத்து.

"இதுக்கா அஞ்சு வருஷம்?" கஜபதி சிரித்தார். "லட்சுமணன், டிஸ்மிஸ் ஆர்டரை அடிங்க. இன்னிக்கே அனுப்பணும்."

அடித்தேன். புகார் அடித்த அதே மிஷின். 'ஓய்வூதியம் பெறத் தகுதியில்லை' என்ற வரி வந்ததும் கை நின்றுவிட்டது. கஜபதி பார்த்தார். மிச்சத்தையும் அடித்துக் கொடுத்தேன்.

ராத்திரியெல்லாம் ஒன்றே ஒன்று அரித்தது. முதல் தாளில் இருந்த கடிதம் பக்தவத்சலம் கண்ணில் படாமலா போயிருக்கும்?

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஆவடிக்குப் போனேன். குடோனில், தூசிக்கு மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு, பழைய புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"சார், அந்த லெட்டர் இருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் நாளே தெரியும்."

"அப்ப அன்னிக்கே கேஸை ஜெயிச்சிருக்கலாமே சார்?"

"ஜெயிச்சு?" கர்ச்சீப்பை இறக்கினார். "கட்டைப் பிரிச்சா அந்தம்மாவுக்கு வேலை போயிடும். பிரிக்காத வரைக்கும் ஸ்டே இருக்கும். மே மாசம் வரைக்கும் இழுத்திருந்தா, கேஸுக்கே அர்த்தமில்லாம போயிருக்கும்; டீச்சராவே ரிட்டயர் ஆகி பென்ஷனோட வீட்டுக்குப் போயிருப்பாங்க. எதிர்க்கட்சி ஆள் நான், இதை வாயால சொல்ல முடியுமா?"



அவர் அடுத்த புத்தகக் கட்டைத் தூக்கினார்.

"இன்னும் நாலே நாலு வாய்தாதான்யா பாக்கி. அதுக்குள்ள எந்தப் புண்ணியவானோ, அந்தம்மா மேல பரிதாபப்பட்டு, புகார் அடிச்சுக் குடுத்துட்டான்."