எல்லாருக்கும் தோதான தேதி

“கொஞ்சம் அழுத்திப் பிடி. காலெல்லாம் விட்டுப்போச்சு” என்றார் அவர், பதினோராம் எண் கட்டிலில் கண்களை மூடியபடி. மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து அவர் கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நேரே அறைக்குள் விழுந்தது. மின்விசிறி பேருக்குச் சுற்றியது. அவருடைய அக்கா செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டாள். மனைவி, தோளிலிருந்து நழுவிய சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபடி கால்களைப் பிடித்தாள்.

பித்தப்பையில் கல். இரண்டு முறை நாள் குறித்து, இரண்டு முறையும் தள்ளிப்போட்டாகிவிட்டது. இந்தத் தடவையும் விட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் காலையில் கறாராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நாளைக்கு ஆபரேஷன் உண்டா இல்லையா என்று நான்கு மணிக்குள் சொல்லியாக வேண்டும்.

“நாளைக்குன்னா எப்படி? பிரஸ்ல பாடப் புத்தகம் பைண்டிங்குக்கு மலையாக் குவிஞ்சு கெடக்கு. இப்ப லீவுன்னு போய் நின்னா முதலாளி மூஞ்சியைப் பாக்க முடியாது” என்றார் அவர்.

“எனக்குப் பரீட்சைப்பா. ராத்திரி இங்க யாரு தங்கறது?” என்றான் மகன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“போனைப் பாத்துக்கிட்டே பரீட்சைக்குப் படிக்கற மகராசன் நீ ஒருத்தன்தான்டா” என்றாள் அவருடைய அக்கா. “என் பாட்டைக் கேளு. வர்ற வாரம் நான் வீடு மாத்தறேன். ரெண்டு வீட்டையும் ஒருத்தியே கட்டி இழுக்க முடியுமா?”

“அண்ணி சொல்றதும் சரிதான்” என்றாள் மனைவி. “அடுத்த மாசம் பத்தாம் தேதிக்கு மேலன்னா எல்லாருக்கும் தோதா இருக்கும்.”

அவள் குரலில் வருத்தம் இல்லை. ஒவ்வொருவருடைய நாட்களையும் மனதுக்குள் அடுக்கிப் பார்த்து, யாருக்கும் இடிக்காத ஒரு தேதியைத் தேடிப் பிடித்த களைப்பு மட்டும் இருந்தது.

நர்ஸ் உள்ளே வந்தாள். டூட்டி மாறி வந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கையிலிருந்த சீட்டில் கட்டில் எண்களும் அவற்றுக்கு எதிரே அவசரக் கிறுக்கலும்.

“பதினொண்ணு. என்ன முடிவு பண்ணீங்க? பேஷண்ட் என்ன சொல்றாங்க?”

“எங்க வீட்டுல தனியா ஒருத்தர் சொல்றதுங்கற பழக்கமே கிடையாதும்மா” என்றாள் அக்கா, கொஞ்சம் பெருமையாகவே. “எதுவானாலும் எல்லாரும் கூடிப் பேசித்தான்.”

“நல்லாப் பேசுங்க. வலி ஒருத்தருக்குத்தானே?”

எல்லாரும் கட்டிலில் இருந்தவரைப் பார்த்தார்கள். மனைவியும் பார்த்தாள். எந்தக் கேள்வி வந்தாலும் முதலில் அந்த முகத்தைப் பார்ப்பதுதான் அந்த வீட்டு வழக்கம்.

நர்ஸும் அந்தப் பக்கமே போய், அவர் அக்குளில் தெர்மாமீட்டரைச் செருகினாள். அவர் மறுக்கவில்லை. எதுவானாலும் தன்னிடம்தான் முதலில் நீட்டப்படும் என்று பழகிப்போனவர், கையை வாகாகத் தூக்கிக் கொடுத்தார். சற்று நேரம் கழித்து நர்ஸ் அதை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“காய்ச்சலே இல்லையே!” நர்ஸ் சீட்டைப் பார்த்தாள். “காலையில நூத்திரெண்டுன்னு எழுதியிருக்கு.”

“அப்பத் தள்ளிப்போடலாம்தானே?” அக்காவின் முகம் மலர்ந்தது.

மகன் முதல்முறையாகப் போனிலிருந்து நிமிர்ந்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அப்பாவைப் பார்த்தான், அத்தையைப் பார்த்தான், மூடிக்கொண்டான்.

“காய்ச்சல் இல்லேன்னா டாக்டரும் ஒத்துக்குவார். வேற ஒருத்தர் ரெண்டு நாளாக் காத்துக்கிட்டு இருக்கார், நாளைக்கு அவருக்குப் பண்ணிடலாம். நீங்க சாயங்காலமே வீட்டுக்குக் கிளம்பிடலாம்.” நர்ஸ் பேனாவைத் திறந்து மனைவி பக்கம் திரும்பினாள். “நீங்கதானே கூட இருக்கறவங்க? தள்ளிப்போட்டதா எழுதிடட்டுமா?”

அவள் கைகள் அவருடைய கணுக்காலில் அப்படியே நின்றன. இருபத்தாறு வருடங்களாக இந்த மாதிரிக் கேள்விகளுக்கு அவளிடம் இருந்தது ஒரே பதில்தான்: உங்க இஷ்டம். இப்போதும் அதுதான் கிளம்பியது. தொண்டைவரை வந்து, மேலே ஏற முடியாமல் எங்கோ களைத்து உட்கார்ந்துவிட்டது.

“அதான் சொல்லியாச்சே, அடுத்த மாசம்னு” என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். “நீ பிடி.”

நர்ஸின் பேனா காகிதத்தைத் தொட்டது. மனைவி கட்டில் கம்பியைப் பற்றிக்கொண்டு மெல்ல எழுந்தாள். நின்ற இடத்தில் உடம்பு ஒருமுறை ஆடி நிலைகொண்டது.

“கொஞ்சம் எழுந்திரிங்க. ஆபரேஷன் எனக்கு.”